அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த சுதந்திரம்

சுதந்திரத்தைப் பற்றி ஒரே ஒரு வருடம் படித்தவர்களை வீட்டுக்குள் விடக்கூடாது. நான் சரியாக ஒரு வருடம் படித்திருந்தேன்.

2008. சிதம்பரத்தில் அரசியல் அறிவியல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். (இதைப் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.) என்னைப் படிக்க வைத்தது வசந்தி அக்கா, பண்ருட்டியில் முந்திரி உடைத்து. கொட்டையின் பால் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்தே இருக்கும்.

அவளைப் பெண் பார்க்கக் குடிகாட்டிலிருந்து வருகிறார்கள் என்றதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு திருவதிகையில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓடினேன். அதிகாரம் யார் கையில் இருந்தாலும் அதற்கு எல்லை வேண்டும், அரசனும் சட்டத்துக்குக் கீழேதான் என்று அதில் எழுதியிருந்தது. அரசன் கிடைக்காததால் மாப்பிள்ளையின் அம்மாவைப் பிடித்தேன்.

அவர் செய்த குற்றம், கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு அப்புறம் முந்திரி வேலைக்கெல்லாம் போக வேண்டாம் என்றது. அப்பா தலையாட்டினார். நான் எழுந்தேன். ஒரு பெண்ணைக் கேட்காமல் அவள் வாழ்க்கையை முடிவு செய்ய இங்கே யாருக்கு அதிகாரம் என்று முழங்கினேன். நான்கு ஷரத்துகள் எழுதிய தாளை நீட்டி, மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். மாப்பிள்ளை சேகர், வெல்டர், ஒரு கையில் கேசரித் தட்டும் மறு கையில் என் பேனாவுமாக விழித்தார்.

அக்கா காப்பியோடு வந்து நின்றாள்.

"கலை, உக்காரு. வேலைக்குப் போறதப் பத்தி நானும் அவரும் எப்பவோ பேசிட்டோம்."

"எப்பவோன்னா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

எட்டு மாதமாக. பஸ் ஸ்டாண்டு போன் பூத்திலிருந்து. தரகரை அனுப்பியதே அவர்கள் இருவரும்தான். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தமாகவே தெரியட்டும் என்று அத்தனை பொறுமையாகக் கட்டியதை, நான் ஐந்து நிமிடத்தில் இடித்துவிட்டேன். அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மகனும் பின்னாலேயே போனார். (என் பேனாவோடு.)

அக்கா திட்டவில்லை. "என் விஷயத்துல பேச உனக்கு யாருடி அதிகாரம் குடுத்தா? நீ என்னக் கேட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி என் நோட்டிலேயே இருந்தது. அடிக்கோடு போட்டு.

மூன்று முறை குடிகாட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஏழு மாதம் கழித்துத்தான் அந்த அம்மா இறங்கி வந்தார். கல்யாணம் நடந்தது. அக்கா வேலைக்கும் போகிறாள், என் ஷரத்துகளின் உதவி இல்லாமலே.

நோட்டில் இருந்தது அத்தனையும் சரி. இன்றும் அதற்காகச் சண்டை போடுவேன். எல்லை தேவைப்படும் அதிகாரங்களின் பட்டியலில் என் பெயரை எழுத மறந்திருந்தேன், அவ்வளவுதான்.

இப்போதும் அவர்கள் வாசலில் நான் செருப்பைக் கழற்றினால் சேகர் மாமா உள்ளே பார்த்துச் சொல்வார்: "வசந்தி, கவர்மெண்டு வந்திருக்கு. கேசரி கிண்டலாமான்னு கேட்டுக்க."