இருபத்தொன்பது ராஜினாமாக்கள்

ஒரு காட்டில், மரக்கிடங்குக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்று இருந்தது. ‘சுமைதூக்கும் விலங்குகள் மனமகிழ் மன்றம்’ என்று வாசலில் பலகை தொங்கியது. உள்ளே ஒரு கேரம் போர்டு, ஒரு டீ பாய்லர், முந்தாநாள் பேப்பர். சுவரில் விதிகள் எழுதியிருந்தார்கள். முதல் விதி இது: ‘இந்தக் கதவுக்கு உள்ளே யார் முதுகிலும் யாரும் எதையும் வைக்கக் கூடாது.’

மன்றத்தின் தலைவர் அங்கமுத்து என்கிற கழுதை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை விறகு சுமப்பவர். வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால், “சும்மாதானே இருக்கீங்க” என்று சொல்லி மனைவி அழுக்குமூட்டையை ஏற்றிவிடுவார். முதுகை வெறும் முதுகாக வைத்துக்கொண்டு உட்கார இந்த உலகத்தில் அவருக்கு இருந்தது அந்த ஒரு பெஞ்சுதான். அதுவும் போனால் அவர் அழுதேவிடுவார். எனக்கும் அழுகை வரும். கதை சொல்கிறவன் என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

ஒரு காலத்தில் மன்றத்தில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். இப்போது வருவது இரண்டே பேர். தலைவரும், செயலாளர் நாச்சிமுத்து என்கிற எருமையும்.

“எல்லாம் இந்த செல்போன் வந்து கெட்டுதுங்க” என்பார் நாச்சிமுத்து.

சுத்தப் பொய். செல்போன் வருவதற்கு முன்பே பாதிப் பேர் போயாயிற்று. அந்த மன்றத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கோபம் வந்தால் யாரும் கடித்துக்கொள்ள மாட்டார்கள், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு நான்கு பேர் வீடு தேடிப் போய்க் கூப்பிட வேண்டும். “உங்க முகத்துக்காக வர்றேன்” என்று முறுக்கிக்கொண்டே திரும்பி வருவார்கள்.

கேரமில் ரெட் போட்டதும் அடுத்த காயை ஃபாலோ போடவில்லை என்று சொன்னதற்காகக் கரடி ராஜினாமா செய்தார். பேப்பரைச் சத்தமாக வாசித்தபோது யாரோ கொட்டாவி விட்டதற்காகக் குரங்கு ராஜினாமா செய்தார். டீ கிளாஸ் முக்கால்வாசிதான் நிறைந்திருந்தது என்று ஒட்டகம் போனார். இந்தக் காட்டுக்கு ஒட்டகம் எப்படி வந்தார் என்று கேட்காதீர்கள், வேலை தேடி வந்தார். தன் பெஞ்சில் மட்டும் யாரும் உட்காருவதில்லை என்று முள்ளம்பன்றி போனார். கூப்பிடப் போவதற்கு நான்கு பேர் மிஞ்சியிருந்தவரை மன்றம் நன்றாகத்தான் நடந்தது. மூன்றானதும் படுத்துவிட்டது.

இருபத்தொன்பது கடிதங்களையும் நாச்சிமுத்து ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. மேசை இழுப்பறையில் போட்டுவைத்தார். மிஞ்சிய இருவரும் கேரம் ஆடும்போது மிகவும் பயந்து ஆடினார்கள். ரெட் விழுந்தால், “உங்களுக்கே இருக்கட்டும் தலைவரே”, “சேச்சே, நீயே வெச்சுக்க நாச்சிமுத்து” என்பார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒருநாள் பதிவுத் துறையிலிருந்து கொக்கு வந்தார். ஒற்றைக் காலில் நின்றபடி படிவத்தைப் புரட்டினார்.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பொதுக்குழு. குறைஞ்சது பதினோரு உறுப்பினர் நேர்ல இருக்கணும். இல்லேன்னா பதிவு ரத்து. கட்டடம் வேற ஆளுக்கு.”

“வேற ஆளுன்னா?” என்றார் தலைவர்.

வேறு ஆள் வாசலிலேயே நின்றிருந்தார். சிறுத்தை. இஞ்ச் டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருந்தார். “ஜிம் வைக்கிறேன். எல்லாரும் வந்து வெயிட் தூக்கலாம்” என்றார்.

“வேலை முடிஞ்சு வந்து மறுபடியும் சுமை தூக்குவாங்களா?” என்றார் தலைவர்.

தலைவரும் நாச்சிமுத்துவும் போனவர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்கள். இலவசமாக பஜ்ஜி உண்டு என்றுகூட அனுப்பினார்கள். எல்லோரும் கட்டைவிரல் படம் போட்டார்கள். கட்டைவிரல் இல்லாதவர்களும் போட்டார்கள். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கரடி மட்டும் ஒரு வரி எழுதினார்: “கூப்பிட நாலு பேர் வரட்டும்.”

தலைவர் மனம் தளர்ந்துவிட்டார். “மூடுறதை மரியாதையா மூடிடலாம் நாச்சிமுத்து. போனவங்களுக்கு முறைப்படி ஒரு பதில் போட்டுரு.”

நாச்சிமுத்து ரொம்ப மரியாதைக்காரர். அவர் இருபத்தொன்பது பேருக்கும் இப்படி எழுதினார்: ‘தங்கள் ராஜினாமா, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடைபெறும் பொதுக்குழுவில் மிக்க மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்ளப்படும்.’

ஞாயிற்றுக்கிழமை கொக்கு வந்தார். சிறுத்தை ஜிம் சுவரில் மாட்டும் கண்ணாடிகளோடு வந்தார். பத்து மணிக்குக் கதவு படாரென்று திறந்தது.

“எவன்டா அது, நான் போறதுக்கு மகிழ்ச்சிப்படுறவன்?” என்றார் கரடி.

“பதினோரு வருஷமா என்னைப் போக விடாம வெச்சிருந்துட்டு, இப்ப ஏத்துக்குவீங்களா?” என்றார் ஒட்டகம்.

குரங்கு கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். இந்த முறை ஒருவரும் கொட்டாவி விடவில்லை. முள்ளம்பன்றி கூட்டத்துக்குள் புகுந்ததும் எல்லோரும் துள்ளி விலகினார்கள்.

கொக்கு எண்ணினார். ராஜினாமா இன்னும் ஏற்கப்படாததால் எல்லோரும் உறுப்பினர்கள்தான். முப்பத்தொன்று. ராஜினாமாக்களை ஏற்கும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. எதிர்த்து இருபத்தொன்பது கை. கொக்கு முத்திரை குத்தினார். சிறுத்தை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கிளம்பினார்.

டீ கொதித்தது. கரடி கேரம் போர்டில் பவுடர் தூவினார். தலைவர் முன்பு மாதிரி வாய்விட்டுக் கத்தினார்: “ஃபாலோ எங்கய்யா? ஃபாலோ போடாம ரெட்டை எடுக்கறே!”

ஐந்து மணிக்குள் இருபத்தொன்பது புது ராஜினாமாக்கள் வந்து சேர்ந்தன.

நாச்சிமுத்து இழுப்பறையைத் திறந்தார். பழைய கடிதங்களே நிறைந்து கிடந்தன. “ஒரு நிமிசம் தலைவரே” என்று சொல்லி, புதுக் கடிதக் கட்டைத் தலைவர் முதுகின்மேல் வைத்தார்.

தலைவர் மெதுவாகத் திரும்பினார். சுவரில் இருந்த முதல் விதியைப் பார்த்தார். ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். வாசற்படி தாண்டியதும் வீட்டு அழுக்குமூட்டை நினைவுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டார்.

“கூப்பிட நாலு பேர் வரணும்” என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நாச்சிமுத்து குனிந்து தன் கால்களை எண்ணிப் பார்த்தார். “நாலும் வந்திருக்குதுங்க. வாங்க தலைவரே.”

தலைவரும் திரும்பி எண்ணிப் பார்த்தார். “உங்க முகத்துக்காக வர்றேன்” என்று கால்களிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

நீதி: சங்கத்தைக் காப்பாற்றுவது கோபித்துக்கொண்டு போனவர்களே, ஆகவே உறுப்பினர்களைத் தவறாமல் அவமதித்து வரவும்.