டிக்கியில் இருந்த காற்று

உலகத்தில் இருக்கிற வெட்கம் மொத்தத்தையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார் என்றால், அது எங்கள் சூரியநெல்லி டாக்ஸி ஸ்டாண்டு மானஸ்தர்தான். மற்றவர்களுக்கு அவர் மிச்சம் எதுவும் வைக்கவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் வெட்கமே இல்லாமல் திரிந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்போது நான் அங்கே ஒரு சின்ன லாட்ஜுக்கு மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்று திட்டு வாங்குவது, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் கார் பிடித்துக் கொடுப்பது. கார் என்றால் மானஸ்தர் கார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வியூ பாயிண்டுக்கு ஆட்களைக் கூட்டிப் போன நேரத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் மனிதர் குன்றிப் போய்விடுவார். "மன்னிச்சுக்கிடுங்க சார், நேத்து நல்லாத்தான் தெரிஞ்சுது" என்பார், என்னவோ காலையில் மலையைத் துடைத்து வைக்க மறந்துவிட்டவர் மாதிரி. பிறகு எல்லோருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுப்பார். வளைவில் யாராவது வாந்தி எடுத்தால் ரோட்டின் சார்பில் வருத்தம் தெரிவிப்பார். ஒருமுறை சின்னக்கானல் பக்கம் ஒற்றை யானை ரோட்டை மறித்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றது. பின் சீட்டில் பெங்களூர்க்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இவர் திரும்பி, "நம்ம ஊர் யானைதான் சார். சமயத்துல இப்பிடித்தான், சொன்னா கேக்காது" என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அவர் குடியிருந்த எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். இவர் ராத்திரி குறட்டை விட்டுவிட்டு, காலையில் பல் விளக்கும் முன்பே பக்கத்து வீட்டில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார் என்று மதினி, அதாவது அவர் மனைவி, சொல்லிச் சிரிப்பார்கள். அந்த மன்னிப்புச் சத்தம்தான் குறட்டையைவிடப் பெரிய தொந்தரவு என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் வந்து புலம்பினார்.

இப்படிப்பட்டவருடைய காரைப் பார்த்து ஒரு சுற்றுலாக் குழந்தை, "அங்கிள், உங்க வீல் எல்லாம் ஏன் துருப்பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டது. குழந்தை கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மானஸ்தர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கம்பத்துக்கு இறங்கி, யாரோ கழற்றிப் போட்ட அலாய் வீல் நான்கை வாங்கி மாட்டிக்கொண்டு மேலே வந்தார். பளபளவென்று இருந்தது. ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் அதில் முகம் பார்த்துத் தலை சீவினார்கள்.

மறுநாள் காலை, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கிற விளக்கு அது. கூடவே சின்னத் திரையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எவ்வளவு காற்று என்று எண் தெரியும். இப்போது எண் இருந்த இடத்தில் வெறும் கோடுகள். காற்றில் குறையே இல்லை. காற்றை அளந்து சொல்லுகிற சென்சார்கள் பழைய வீல்களுக்குள் உட்கார்ந்திருந்தன. பழைய வீல்கள் மானஸ்தர் வீட்டில் விறகுக்குப் பின்னால் படுத்திருந்தன. மாட்டிக் கொடுத்த கடைக்காரர், நம்ம ரோட்டுக்கு அதெல்லாம் எதுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

எங்கள் ஊர் பஞ்சர் கடையில் அந்தச் சென்சார்களைக் கழற்றிப் புது வீலில் மாட்டிப் பார்த்தார்கள். புது வீலின் ஓட்டையில் அவை உட்காரவில்லை. அன்றிலிருந்து முன் சீட்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம், அவர்கள் கேட்காமலே, மானஸ்தர் அந்த விளக்கின் கதையை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மூணாறு போகிற வரைக்கும் கதை வரும். பிறகு சொல்லி மாளாமல், விளக்கின் மேல் ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டினார். விளக்கு விடுமா? முருகனுக்குப் பின்னால் மஞ்சளாக ஒளி வீசியது. பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு மாமி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, காணிக்கையும் வைத்தார். சாமி பெயரில் ஏமாற்றிவிட்டோமே என்று மானஸ்தர் அன்று மாலையே ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மகளுக்கு வரன் வந்தது. மகள் கவிதா அடிமாலியில் நர்ஸ். போடியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் போட்டோவை அவள் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்த விதத்திலேயே, அவளுக்குப் பிடித்துவிட்டது என்று வீட்டுக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை? தேனியில் கார் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். அதுவும் மானஸ்தர் ஓட்டுகிற அதே கம்பெனிக் கார்களுக்கு.

மானஸ்தர் என் லாட்ஜ் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரைப் போடியிலிருந்து தானே கூட்டி வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வேறு டிரைவரை அனுப்பினால், அவன் வழியில் வெற்றிலை எச்சில் துப்பினால் அந்த மானக்கேடு யாருக்கு? சர்வீஸ் சென்டரில் முன்னதாகவே கொடுத்துச் சரிசெய்தால் என்ன என்று கேட்டேன். நமக்குப் பக்கத்தில் இருப்பதே அந்த ஒன்றுதான், அங்கே நிற்பதே மாப்பிள்ளைதான் என்றார்.

"அவரு நித்தம் காரைப் பாக்கறவரு தம்பி. எரியுற விளக்கைக் கூடக் கவனிக்காதவன் பொண்ணை எப்பிடிக் கவனிச்சு வளத்திருப்பான்னு தோணாதா?"

அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். அதுதான் நான் செய்த புண்ணியம். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன், கழற்றிய சென்சார்களை எல்லாம் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டுக்குள் போட்டு, இரண்டு முனையையும் அடைத்து ஒட்டி, ஒரு முனையில் டியூப் வால்வு வைத்துக் காற்றடித்து, டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறான். சில கார்களில் இது பலிக்குமாம். மானஸ்தர் அதை மூன்று தடவை பார்த்தார்.

சைக்கிள் பம்பு வைத்து அந்தக் குழாய்க்குக் காற்றடித்தவன் நான். ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டியதும் விளக்கு அணைந்தது. திரையில் நான்கு இடத்திலும் 33. தன் சக்கரங்கள் நான்கும் டிக்கியில் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகின்றன என்று கார் நம்பிவிட்டது. மலையே இடிந்து விழுந்தாலும் இனி 33தான். நான் கை தட்டினேன். மானஸ்தர் சிரிக்கவில்லை.

"பொய் சொல்ல வண்டிக்கும் கத்துக் குடுத்துட்டோமே தம்பி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போனோம். முன் சீட்டில் மாப்பிள்ளை. பின்னால் இடது பக்கம் அவர் அம்மா, நடுவில் தாம்பூலத் தட்டோடு தாய்மாமன், வலது ஓரத்தில் நான். குழாய், டிக்கியில் ஒரு சாக்குக்கு அடியில். மலை ஏற ஆரம்பித்ததும் மாப்பிள்ளையின் கண் வேறெங்கும் போகாமல் நேராகத் திரைக்குப் போனது. நாலு டயரிலும் காற்றுச் சரியாக வைத்திருக்கிறீர்கள் மாமா என்று பாராட்டினார். மானஸ்தருக்குக் காது சிவந்தது. இன்னும் சில வளைவுகள் போனதும் மாப்பிள்ளை மறுபடி எட்டிப் பார்த்தார்.

"ஏத்தத்துல டயரு சூடாகும்ல மாமா, ரெண்டு மூணு பாயிண்டு ஏறணுமே. அப்பிடியே நிக்குது?"

"நம்ம மலை குளுச்சியில்லா" என்றார் மானஸ்தர்.

நான் ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கின் அழகை ரசிக்க ஆரம்பித்தேன். இருபது வருடம் பார்த்த பள்ளத்தாக்குதான். வேறு எங்கே பார்ப்பது?

போடிமெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் இடதாக இழுத்தது. எனக்கே தெரிந்தது என்றால் ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? கண்ணாடியில் அவர் கண் என்னைத் தேடியது. திரையில் 33, 33, 33, 33. மாப்பிள்ளை அப்போது போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் சில வளைவுதான், மெதுவாக மேலே போய்விட்டால் டீக்கடையில் இறங்கி, அடடா பஞ்சர் என்று அப்போதுதான் பார்த்த மாதிரி பேசிக்கொள்ளலாம். போங்க, போங்க என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

மானஸ்தர் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். இடது கதவைத் திறந்து அந்த அம்மாவைப் பத்திரமாக இறக்கி, ரோட்டோர மதில் பக்கம் நிற்க வைத்தார். பின் டயர் பாதி சப்பையாகி இருந்தது. பிறகு மாப்பிள்ளை முன்னால் வந்து கை கட்டி நின்றார். மூடுபனிக்கும் யானைக்கும் வெட்கப்பட்டவர், இப்போது தான் செய்த காரியத்துக்காகவே வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, உள்ள காட்டுறது பொய்யி. இந்த வண்டியோட காத்து டிக்கியில இருக்கு."

டிக்கியைத் திறந்து குழாயை எடுத்துக் காட்டினார். துருப்பிடித்த வீல், அலாய் வீல், முருகன் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். காற்றடித்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளை குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாய்மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார். ஒரு விளக்கையே இப்படி மறைக்கிற ஆள், வீட்டில் இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாரோ என்று தங்கையிடம் நன்றாகக் காதில் விழும்படி சொன்னார்.

மானஸ்தர் எதிர்த்துப் பேசவில்லை. அது நியாயமான பேச்சு என்றும், டயரை மாற்றியதும் திரும்பப் போடியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவதாகவும், மகளிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். ஸ்டெப்னியை இறக்கி வைத்துவிட்டு, ஸ்பானரோடு சப்பை டயர் முன்னால் குந்தினார். மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டார். மேலே வீட்டில் காத்திருக்கும் கவிதாவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பம்பைத் தொட்ட கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சப்பையான டயரைப் பார்த்தார். அதற்கு நேர் மேலே தான் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிக் கீழே பார்த்துவிட்டு மானஸ்தரிடம் திரும்பினார்.

"ஏண்ணே, விளக்குத்தான் எரியலையே. பேசாம ஓட்டிட்டுப் போயிருந்தா எங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

"தெரியாது தங்கச்சி. ஆனா அந்தப் பக்கத்துல நீங்கல்லா உக்காந்திருந்தீங்க."

மகன் ஸ்டெப்னியின் கடைசி நட்டை முடுக்கியதும் அந்த அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டார். பிறகு தன் அண்ணனைப் பார்த்து, "வண்டில ஏறுண்ணே. அந்தப் புள்ள காத்துக்கிட்டிருக்கும்" என்றார்.

போடிமெட்டு செக்போஸ்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். கேரளப் போலீஸ்காரர் குழாயைத் தூக்கி, குலுக்கி, உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டதும் முகம் மாறி, "இது எந்தா?" என்று மலையாளத்தில் கேட்டார். மானஸ்தர் ரோட்டிலேயே கரைந்துவிடுவார் போல இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"ஸ்பேர் காத்து சாரே."

போலீஸ்காரர் குழாயைப் பார்த்தார், தாம்பூலத் தட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார். மூன்று சக்கரம் வெள்ளி மாதிரி மின்னியது. நான்காவது, அந்தப் பழைய துருப்பிடித்த ஸ்டெப்னி. இவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் டூட்டி முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். போகச் சொல்லிவிட்டார்.

சூரியநெல்லிக்குள் நுழையும்போது பகலிலேயே மூடுபனி இறங்கிப் பக்கத்து வீடு தெரியவில்லை. துருப்பிடித்த அந்த ஒற்றைச் சக்கரத்தை ஸ்டாண்டில் ஒருவரும் பார்க்கவில்லை. மூடுபனி ஒருவருக்கு இப்படி ஒத்தாசை செய்து நான் பார்த்ததில்லை. மானஸ்தரோ வீட்டு வாசலில் எல்லோரையும் இறக்கிவிட்டு, "மன்னிச்சுக்கிடுங்க, நேத்து நல்லாத்தான் தெரிஞ்சுது" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வேறு வால்வு போட்டுச் சென்சார்களை அலாய் வீலிலேயே மாட்டிக் கொடுத்துவிட்டார். குழாயை மட்டும் திருப்பித் தரவில்லை. அது தேனியில் அவர் வேலை செய்கிற இடத்துச் சுவரில் தொங்குவதாகக் கேள்வி. அதற்காக மானஸ்தர் இன்னமும் அந்தச் சர்வீஸ் சென்டர் இருக்கிற ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார்.

நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறையாவது சூரியநெல்லிக்குப் போவேன். அவர் காரில்தான் சுற்றுவேன். மலை தெரியாத நாளாகப் பார்த்துத்தான் போவேன். அவர் வண்டியை நிறுத்தி, வெள்ளையாகக் கிடக்கும் அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்து, "மன்னிச்சுக்கிடு தம்பி, நேத்து நல்லாத்தான் தெரிஞ்சுது" என்று சொல்லி டீ வாங்கித் தருவார். நான் மலையைப் பார்க்க வருவதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அதற்கும் வெட்கப்படுவார்.