இரண்டு கோடு சிக்னலும் ஒரு வைத்தியரும்

சிக்னல் வைத்தியர் என்று ஓர் இனம் இருக்கிறது. யாங்கூனில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. லத்தா பேட்டையில் நாலாம் மாடியில் இருப்பவர் அடியேன். எங்களை அடையாளம் காண்பது சுலபம். எங்கள் கணினியில் லினக்ஸ்தான் இருக்கும். அதை நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுவோம். வைஃபை இரண்டு கோட்டுக்கு இறங்கினால் மற்றவர்கள் ரூட்டர் பக்கம் நாற்காலியை நகர்த்துவார்கள். நாங்கள் நகர்த்துவோமா? மானப் பிரச்சினை அல்லவா? கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளைகளை ஒவ்வொன்றாய்த் தட்டி, வந்து கொட்டுகிற எண்களைப் பார்த்து "ம்ம்..." என்போம். அந்த "ம்ம்"முக்கு எங்களுக்கே அர்த்தம் தெரியாது.

போன மாதம் என் மகள் நந்திதாவுக்கு மூன்று மணிக்கு இணையத்தில் நேர்காணல். சிங்கப்பூரில் கட்டட வரைபட வேலை. ஒரு வருஷமாகக் காத்திருந்தாள். காட்டவேண்டிய வரைபடமெல்லாம் என் மடிக்கணினிக்குள். இரண்டரைக்கு சிக்னல் இரண்டு கோடு.

"யபாடே அப்பா, இது போதும்" என்றாள். பரவாயில்லை என்பதைப் பர்மியத்தில் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

"மேசையைக் கூடத்துக்கு, ரூட்டர் பக்கம் தள்ளினா ஆச்சு. ஏங்க, நீங்க அதுல கைய வைக்காதீங்க" என்றாள் என் மனைவி ஹேமா.

போதுமாம். வைத்தியன் பக்கத்தில் இருக்கும்போது நோயாளி அப்படிச் சொல்லலாமா? மின்சேமிப்பை அணைத்தேன், ரூட்டரில் சானலை மாற்றினேன், கோடு அசையவில்லை. வைஃபையை இயக்குகிற பழைய டிரைவர் மென்பொருள்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதி அதை வேரோடு பிடுங்கினேன். இருந்த இரண்டு கோடும் போயிற்று. புது டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

"உன் போனைக் கொடும்மா, அதுலேர்ந்து இணையம் எடுத்து அஞ்சே நிமிஷத்துல..."

அவள் கொடுக்கவில்லை. என் கைக்கு எட்டாமல் போனோடு படியிறங்கி ஓடி, கீழே ஜாபர் பாயின் மளிகைக் கடையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசினாள். வரைபடம் கேட்டார்களாம். காட்ட ஒன்றுமில்லை. வேலை வேறு யாருக்கோ போயிற்று. ஆறு மணிக்கு நான் நாலு கோடு கொண்டுவந்து, வெட்கமில்லாமல், எல்லாரையும் வந்து பார்க்கக் கூப்பிட்டேன். யாரும் எழுந்து வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிக்னல் குறைந்ததே இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன், நேற்று நந்திதா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் ஜாபர் பாய் கடைக்கு இறங்குவதைப் பார்க்கும்வரை. உங்கள் வீட்டில் எப்படி? சிக்னல் சரியில்லை என்று உங்களிடம் யாரும் சொல்லி ரொம்ப நாளாகிறதா?