கை குணமாகிவிட்டது, தங்கையை அனுப்ப வேண்டாம்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் சுகமா என்று முதலில் கேட்பது முறை, கேட்டுவிட்டேன். நான் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். சிக்கலே அந்த வரியில்தான் இருக்கிறது. நான் சுகமாகிவிட்டேன், மச்சான். இந்தத் துக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல்தான் தங்களுக்கு எழுதுகிறேன். ஃபோனில் பேசலாமென்றால், அங்கே வந்திருக்கும் உங்கள் தங்கைதான் ஃபோனை எடுக்கிறாள்.

எட்டு மாதமாக என் இரண்டு கைகளிலும் எக்ஸிமா என்பது தாங்கள் அறிந்ததே. விரல் இடுக்கெல்லாம் சிவந்து, தோல் வெடித்து, சட்டைப் பொத்தான் போடக்கூட உங்கள் தங்கை வேண்டியிருந்தது. தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார், நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார், வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து ஈரம் காய்வதற்குள் க்ரீம் தடவச் சொன்னார். "எது ஒத்துக்கலைன்னு வீட்ல கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க" என்று கூடுதலாக ஒரு வார்த்தையும் சொன்னார். அதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. முப்பது வருடம் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். லைனில் கோளாறு என்றால் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்ப்பேன். எதைக் கழற்றியதும் சரியாகிறதோ அதுதான் குற்றவாளி. வீட்டிலும் அப்படியே ஆரம்பித்தேன். முதலில் அவளுடைய குளியல் சோப்பு போனது, பிறகு துணி துவைக்கும் பவுடர், கம்பளிப் போர்வை, ஜன்னல் திரைச்சீலை, அவள் ஆசையாக வளர்த்த நான்கு பூந்தொட்டி. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் கெடு. பூனையை எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்த அன்று அவள் சாப்பிடவில்லை. நான் அரிப்பு குறைகிறதா என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கூடத்தில் இரண்டு மர நாற்காலியும் நாங்கள் இருவரும்தான் மிஞ்சினோம். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இனிமே கழட்ட என்ன இருக்கு? நான் ஒருத்திதான்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. "இல்லை" என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் புத்தியோ, அதையும்தான் பார்த்துவிட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்கும்.

"அண்ணன் வீட்ல இருக்கேன். கை ஆறுச்சுன்னா சொல்லிடுங்க, நான் வரலை" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். அந்தக் கோபத்திலும் நாலு நாளைக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஆறிவிட்டது, மச்சான். நாலாம் நாள் அரிப்பு அடங்கியது, ஏழாம் நாள் வெடிப்பு மூடியது, இன்று பன்னிரண்டாம் நாள், கை குழந்தையின் கை மாதிரி இருக்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளை என் தோல் வேண்டாம் என்கிறது. நேற்று அவள் ஃபோனில் கை எப்படி என்று கேட்டபோது, "ரொம்ப மோசம், நீ காரணமில்லை" என்று புளுகிவிட்டேன். "அப்படியா? அப்போ ஞாயித்துக்கிழமை வந்துடறேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபிறகு வராதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்து கையைப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் இந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்க மாட்டாள், அவள் பிடிவாதம் தாங்கள் அறியாததா? அதனால் அரிப்பைத் திரும்ப வரவழைக்கப் படாத பாடு படுகிறேன். பழைய சோப்பைத் தேய்த்துக் குளித்தேன், களிம்பை நிறுத்தினேன், கம்பளிக்குள் கையை விட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க வியர்த்தேன், எதிர்வீட்டுக்குப் போய்ப் பூனையைக் கெஞ்சி மடியில் வைத்துக்கொண்டேன், கடித்துவிட்டு ஓடியது. வேண்டாதபோதெல்லாம் வந்த வியாதி, வேண்டியபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீடும் வீடாக இல்லை. அவள் சமைப்பாள், பாத்திரம் நான் கழுவுவேன், அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. அவள் சமைத்து வைத்துப் போன பாத்திரமெல்லாம் சிங்க்கில் அப்படியே கிடக்கிறது, தொட மனமில்லை. ரொட்டியைக் காகிதத்தில் வைத்துத் தின்கிறேன்.

ஆகவே தங்களிடம் ஒரு விண்ணப்பம். ஏதாவது சாக்குச் சொல்லி அவளை இன்னும் ஒரு வாரம் அங்கேயே பிடித்து வையுங்கள். கால் சுளுக்கு என்று படுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கொஞ்சமாவது சொறி வந்துவிட்டால் பிழைத்தேன். நாளை அந்தப் பக்கம் வரும் தையல்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் கண்ணில் பட வேண்டாம்.

தங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
குணமாகித் தொலைத்த
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், அவள் எப்போது வந்தாலும் சிங்க்கைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாதே என்று அத்தனை பாத்திரத்தையும் ஒன்றரை மணி நேரம் தேய்த்துக் கழுவி வைத்தேன். இப்போது எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். ஒரு வரி எழுதி ஒரு தரம் சொறிகிறேன். இந்த வீட்டில் நான் கழற்றிப் பார்க்காதது, நானே தேடி வாங்கிய எலுமிச்சை வாசனைப் பாத்திர சோப்பு ஒன்றுதான். அவள் போனதோடு நான் பாத்திரம் கழுவுவதும் நின்றது; ஒரு வயரைப் பிடுங்கினால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் அணையும் என்பது முப்பது வருட எலக்ட்ரீஷியனுக்கு உறைக்கவில்லை. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். சுளுக்கு வேண்டாம். ஞாயிறுவரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தக் கடிதத்தையும் அவளிடமே கொடுத்துவிடுங்கள். நான் வாயைத் திறக்காத இடத்தையும் அவள் படிக்கட்டும். படித்த பிறகும் வருவாளா என்பதுதான் இப்போது என் கவலை. வந்தால் நல்லது. நாளையிலிருந்து சட்டைப் பொத்தானை என்னால் போட முடியாது.