பின்சீட்டுப் பேயும் அப்பாவின் கருத்தும்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

அன்புத் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் அப்பாவும் நலமே. அங்கு உன் நலத்தையும் அத்தானின் நலத்தையும் உன் கோபத்தின் நலத்தையும் அறிய ஆவலாக உள்ளேன். கைப்பேசியில் 'அக்கா' என்று நான் வாயெடுத்ததுமே நீ இணைப்பைத் துண்டித்துவிடுவதால், பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு முதன்முறையாகப் பேனாவை எடுத்திருக்கிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். தயவுசெய்து முழுக்கப் படித்துவிட்டுக் கிழிக்கவும்.

நீ அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாய் என்று அத்தான் சொன்னார். அம்மா போன துக்கம் இன்னும் ஆறாத மனுஷரைப் பேய்ப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன் மகனா, மிருகமா என்று நீ கேட்டதாகவும் சொன்னார். நியாயமான கேள்வி. ஆனால் நடந்தது என்ன என்பதை நீ அறிய வேண்டும். அம்மா போனதிலிருந்து அப்பா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். ஜன்னலோரத்து நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே ரோடு, ரோட்டில் பஸ். காலம் முழுக்க பஸ் ஓட்டியவர், போகிற பஸ்ஸைக்கூடத் தலை திருப்பிப் பார்க்கவில்லை. "சாப்பாடு வைக்கட்டுமா மாமா?" என்று என் மனைவி கேட்டால் "ம்". "வேண்டாமா?" என்றாலும் "ம்". இந்த 'ம்'மை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை எப்படி நடத்துவது? அதனால்தான் அப்பாவோடு வேலை பார்த்த கண்டக்டரை, நம்ம விசில் மாமாவை, வரவழைத்தேன். அவர்தான் சொன்னார், "எங்கேயாவது வெளியில கூட்டிட்டுப் போடா, சிரிக்கிற படமா பார்த்து." சரியென்று மத்தியான ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தேன். போஸ்டரில் ஒரு கார், பின்சீட்டில் ஒரு அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். குடும்பத்தோடு சுற்றுலா போகிற நகைச்சுவைப் படம் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற கடை வைத்திருக்கிறேனே தவிர, அன்றைக்கு என் கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்குக் கண்ணில் கருவிழி இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

உள்ளே போய் உட்கார்ந்து லைட்டை அணைத்த பிறகுதான் விஷயமே புரிந்தது. கிழக்கு ஆசியாப் பக்கத்துப் படம், தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். சுங்கச்சாவடியில் சீட்டுக் கிழிக்கிற ஒரு பெண். ஒரு விபத்துக்குப் பிறகு அவளுக்குப் பேய் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. எங்கே தெரிகிறது என்கிறாய்? வருகிற ஒவ்வொரு காரின் பின்சீட்டிலும்! ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, இவளுக்கு மட்டும் தெரியும். கூண்டிலிருந்து கையை நீட்டுகிறாள், பின்சீட்டிலிருந்து வெள்ளையாக இன்னொரு கை நீளுகிறது. "பெண்ணே, எம்மை இவ்விடத்தில் இறக்கிவிடச் சொல்வாயாக" என்று பேய் செந்தமிழில் பேசுகிறது. நான் ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேலயே வச்சுக்கிட்டேன் அக்கா. உன் தம்பி பொண்டாட்டி என் கையைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சு இன்னும் தழும்பு இருக்கு. விசில் மாமாவைக் காணோம். எங்கேன்னு பார்த்தா சீட்டுக்குக் கீழே உட்கார்ந்து "செருப்பைத் தேடறேன், செருப்பைத் தேடறேன்"ங்கறார். இடைவேளை வரைக்கும் தேடினார்.

எனக்கு அப்பாவை நினைச்சுதான் பயம். இருட்டுல அவர் முகம் தெரியலை. செத்தவங்க கதையை இந்த நேரத்துல இவருக்குக் காட்டிட்டோமேன்னு எழுந்து, "அப்பா, வாங்க போயிடலாம்"னு கூப்பிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "உட்காருடா, மறைக்குது."

அக்கா, நீயே சொல்லு. எத்தனை மாசமா 'ம்' மட்டும் கேட்டுட்டு இருந்த காதுக்கு, ஒரு முழு வாக்கியம்! எனக்குப் பேய் பயமெல்லாம் பறந்து போச்சு. அதுக்கப்புறம் மனுஷர் நிறுத்தவே இல்லை. "இவன் எதுக்கு வளைவுல பிரேக் போடறான்?" "லைசென்ஸ் யார் கொடுத்தா இவனுக்கு?" கதாநாயகி கடைசியில தானே காரை எடுத்துட்டுக் கிளம்பறா பாரு, அவ பின்னாலயே ஒரு பேய் மெதுவா எழுந்து உட்காருது, கொட்டகையே மூச்சைப் பிடிச்சுட்டு இருக்கு. அப்பா எழுந்து நின்னு, பஸ் ஸ்டாண்டுல கத்தற மாதிரி கத்தறார், "கண்ணாடியைப் பாரும்மா! வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பார்க்கணும்னு சொல்லித் தரலையா உனக்கு?" முன்வரிசையில காலேஜ் பசங்க கைதட்டி விசிலடிச்சாங்க. பேய் வந்த காட்சிக்கு ஜனங்க சிரிச்சது உலகத்துலயே எங்க கொட்டகையிலதான் இருக்கும்.

அதுக்கு முன்னாடி வந்த ஒரு காட்சியை மட்டும் சொல்லாம விட்டுட்டேன். வேணும்னேதான் விட்டேன், இப்ப சொல்லிடறேன். ஒரு வயசான மனுஷன் சின்ன வேன் ஓட்டிட்டு வர்றார். பின்னால அவர் வீட்டுக்காரம்மா பேயா உட்கார்ந்திருக்கா. மத்த பேய் மாதிரி இல்லை, பேசாம அவர் பின்னந்தலையையே பார்த்துட்டு இருக்கா. சுங்கச்சாவடிப் பொண்ணு மனசு கேட்காம, "ஐயா, உங்க பின்னால அம்மா இருக்காங்க"ன்னு சொல்லிடறா. அந்த மனுஷன் திரும்பிப் பார்க்கலை. நடுக்கண்ணாடியை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கிச் சரி பண்ணிக்கிறார், கியரைப் போடறார், மெதுவாப் போறார். அவ்வளவுதான் காட்சி. பக்கத்துல ஒரு சத்தம் கேட்டுது. முதல்ல விசில் மாமான்னு நினைச்சேன். அப்பா. வாய்விட்டு அழறார். அம்மாவைக் கொண்டுபோன அன்னிக்குக்கூட அவர் அப்படி அழலை அக்கா. என் தோள்ல சாய்ஞ்சு, சட்டையெல்லாம் நனைஞ்சு போற அளவுக்கு. பின்வரிசையிலேருந்து யாரோ ஒரு பொம்பளை ஒண்ணும் பேசாம ஒரு கைக்குட்டையை நீட்டினாங்க. பேயின் கை மாதிரியே வெள்ளையா நீண்டுதா, நான் ஒரு துள்ளு துள்ளிட்டேன். அப்புறம் வாங்கிக்கிட்டேன்.

இப்ப வீடியோவுக்கு வர்றேன். வெளியில வந்தா ஒரு பொண்ணு மைக்கை வச்சுட்டு, "படம் எப்படி இருக்கு? படம் எப்படி இருக்கு?"ன்னு வர்றவங்க வாயிலெல்லாம் நீட்டிட்டு இருக்கா. காலேஜ் பையன் "வேற லெவல்"ங்கறான். அவனோட வந்தவன் "கதையே இல்ல"ங்கறான். ஒரு டீச்சரம்மா, "பேய் எதுக்கு சீட் பெல்ட் போட்டிருக்கு? லாஜிக் வேண்டாமா?"ன்னு டைரக்டரைக் கூப்பிட்டு முட்டி போட வைக்கிற குரல்ல கேட்கறாங்க. நம்ம விசில் மாமா முன்னால போய் நின்னு, "எனக்கெல்லாம் பயமே வரலை. இன்னும் கொஞ்சம் பேய் போட்டிருக்கலாம்"னு சொன்னார், தலைமுடியெல்லாம் கொட்டகைத் தரைப் பாப்கார்ன். அப்பதான் அப்பா அந்தப் பொண்ணு கையிலேருந்து மைக்கையே வாங்கிட்டார்.

நீ பார்த்தது வெட்டி ஒட்டினது. முழுசா அவர் சொன்னது இதுதான்: "நான் பஸ் டிரைவர். பின்னால யாரு இருக்காங்கன்னு கண்ணாடியில பார்க்காம நான் வண்டியை எடுத்ததில்லை. படம் நல்லாயிருக்கு. போட்டோ நல்லாயிருக்கு. ஆனா ஒரு பெரிய தப்பு இருக்கு. வேன்ல ஒரு அம்மா பேயா வர்றாங்களே, வாயே திறக்கலை. அது எப்படிம்மா பொண்டாட்டி? என் வீட்டுக்காரி போயிட்டா. அவ பின்சீட்டுல உட்கார்ந்தா சும்மா வருவாளா? மெதுவாப் போங்க, அந்த லாரியை விடுங்க, ஏன் இப்படி ஆரன் அடிக்கிறீங்கன்னு பேசிட்டே வருவா. எடுத்தவங்க யாரும் கல்யாணமே பண்ணிக்கலைன்னு நினைக்கிறேன். அடுத்த படத்துலயாவது அந்தம்மாவைப் பேச விடுங்க." சொல்லிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுக்கறார், அந்தப் பொண்ணு வாங்க மறந்துட்டு அழுதுட்டு நிக்கறா.

அன்னிக்கு சாயங்காலத்திலேருந்து நம்ம வீடு வீடா இல்லை. கடைக்குக் கண் பரிசோதனைக்கு வர்றவங்க எழுத்தைப் படிக்காம "டிரைவர் ஐயா எங்கே?"ன்னு கேட்கறாங்க. அப்பா கடையில உட்கார்ந்து, வீடியோவுக்குக் கீழே ஜனங்க எழுதற கருத்தையெல்லாம் ஒண்ணு விடாம படிச்சு, ஒத்தை விரலால பதில் தட்டறார். ஒருத்தன், "பெருசு கதையை முன்னாடியே சொல்லிக் கெடுத்துட்டார்"னு எழுதினான். அப்பா, "தம்பி, நான் பாதிதான் சொன்னேன், மீதியைப் போய்ப் பாரு"ன்னு பதில் போட்டார். யாரோ ஒரு அம்மா, "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், போனப்புறமும் சத்தம் போட்டுட்டே இருக்கார்"னு எழுதினாங்க. அதுக்கு மட்டும் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "நல்லது. கேட்டுட்டே இருங்க"ன்னு போட்டார்.

நீ பயப்படற விஷயமும் எனக்குத் தெரியும். அவர் என் காரை எடுத்துட்டுப் போறப்ப பின்சீட்டைப் பார்த்து "மெதுவாத்தான் போறேன்"னு சொல்றாராம். என் பொண்டாட்டி கேட்டுட்டு வந்து உன்கிட்ட சொல்லியிருக்கா, நீ புத்தி பிசகிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டே. நானும் நேராவே கேட்டேன், "அப்பா, அம்மா உங்களுக்குத் தெரியறாங்களா?" ஒரு முறை முறைச்சார். "லூசாடா நீ? தெரிஞ்சா எதுக்குப் பேசப் போறேன், வண்டியை நிறுத்திட்டுப் பின்னால போய் உட்கார்ந்துக்க மாட்டேன்? தெரியலைன்னுதான் பேசறேன்." இதுக்கு எந்த டாக்டரைக் கேட்கச் சொல்றே?

அதனால அக்கா, ஞாயித்துக்கிழமை அத்தானை அனுப்பி அப்பாவை அங்கே கூட்டிட்டுப் போறதா அத்தான்கிட்ட சொன்னியாமே, அது மட்டும் வேண்டாம். உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன். அவர் ரெண்டு தட்டு சாப்பிடறார், உப்பு அதிகம்ங்கறார், போற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டறார். இந்த மனுஷரை இப்ப இடம் மாத்தினா மறுபடியும் 'ம்' ஆயிடுவாரோன்னு எனக்கு பயமா இருக்கு. அந்தப் பேயைவிட இந்த பயம் பெருசு. அவர் இங்கேயே இருக்கட்டும். என்னை வேணும்னா நேர்ல வந்து திட்டு, வாசல்லயே நிக்கறேன்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். அவர் எனக்காகப் பரிந்து பேசியதற்குத் தனியாக நன்றி. அதற்காக அவர் வாங்கியதற்குத் தனியாக வருத்தம். நீ நீண்ட ஆயுளோடும் குறைந்த கோபத்தோடும் வாழ வேண்டும் என்று வயதில் சிறியவனானாலும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் காலடியில் கிடக்கும்,
தம்பி

பின்குறிப்பு: மேலே நான் கெஞ்சினதையெல்லாம் அடிச்சுடு அக்கா. உறையில போடறதுக்குள்ள அப்பா வாங்கிப் படிச்சுட்டார். படிச்சுட்டு உள்ளே போனவர் பையோட வெளியே வர்றார். உங்க ஊர்ல பெரிய திரையில அந்தப் படம் ஓடுதாம், உன்னைக் கூட்டிட்டுப் போகணுமாம். "என்னப்பா, நான் இவ்வளவு எழுதியிருக்கேன், இப்படிக் கிளம்பறீங்களே"ன்னேன். "அம்மா போனப்ப உன் அக்கா என்ன பண்ணினா, பார்த்தியா? வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டா, தண்ணி கொடுத்தா, என்னைத் தாங்கினா, உன்னைத் தாங்கினா. ஒரு சொட்டு அழுதாளா? அவ கோபப்படறது உன் மேலயாடா? போடா. அவளைப் பக்கத்துல உட்கார வச்சு அந்த வேன் காட்சியைப் பார்க்கணும்"ங்கறார். தபால் எதுக்குன்னு இந்தக் கடிதத்தையும் அவரே கொண்டு வர்றார். செருப்பை மாட்டிட்டு, "எழுதினது போதும், கொடுடா, பஸ் போயிடும்"னு கையை நீட்டிட்டு நிக்கிறார். படம் பார்த்ததும் சீக்கிரமா அனுப்பி வச்சுடு அக்கா. இன்னும் வாசப்படிகூட இறங்கலை, அதுக்குள்ள வீடு சத்தமில்லாம ஆயிட்ட மாதிரி இருக்கு.