தங்கத் தகடும் என் பெருமூச்சும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அவள் நலம். நான் நலமில்லை. அங்கே எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள், அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று; விண்ணப்பித்தவர்கள் நானும் உங்கள் தங்கையும். அவள் தங்கத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைச் சம இடைவெளியில் வரிசையாகப் போட்டாள். நான் வெள்ளியில் போட்டேன். வெளிச்சம் பட்டால் மேற்பரப்பிலுள்ள எலக்ட்ரான்கள் கூட்டமாக அலையடித்து ஒரு நிறத்தை மட்டும் விழுங்கிவிடும். எந்த நிறம் என்பது துளைகளின் இடைவெளியையும் தகட்டின் மேல் என்ன படிகிறது என்பதையும் பொறுத்தது. இதில் தங்கத்தைவிட வெள்ளிதான் கெட்டி என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன், அது ஒரே வாரத்தில் என் மூஞ்சியைப் போலக் கறுத்துப்போனது, அவளுடையதோ இன்னும் மினுக்குகிறது. வீட்டில் நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் 'என்னங்க' என்று ஒரு குரல் வராது. அவள் விளக்கைப் போட்டால் கோடானுகோடி எலக்ட்ரான்கள் எழுந்து வருகின்றன. வயிறு எரியாதா மச்சான்?

நேற்று ஆய்வுக்கூடத் தலைவர் முன்னால் தன் தகட்டை அளந்துகாட்டினாள். திரையில் ஓடிய கோட்டில், விழுங்கிய நிறம் இருந்த இடத்தில் அழகாக ஒரு பள்ளம். கிட்டப்போய்ப் பார்த்தவன் தாங்க முடியாமல் ஒரு பெருமூச்சு விட்டேன், அது நேராகத் தகட்டின் மேல் பட்டது, பள்ளம் சிவப்புப் பக்கமாக நகர்ந்துவிட்டது. ஒழிந்தது என்று உள்ளுக்குள் குளிர்ந்தேன். தலைவர் துள்ளி எழுந்தார்.

"மூச்சுல இருக்கிற ஈரத்தைக்கூடக் கண்டுபிடிக்குதே! இன்னொரு தடவை விடுங்க!"

"நல்லா இழுத்து விடுங்க, உங்களுக்குத்தான் அது நல்லா வருமே," என்றாள் உங்கள் தங்கை.

மதியம்வரை விட்டேன். என் வயிற்றெரிச்சலை வைத்தே பேர் வாங்கிவிட்டாள். ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் அதட்டி, அவள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களாவது நன்றாக இருக்கட்டும்.

வெந்த நெஞ்சோடு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுமுன் செய்தி வந்துவிட்டது. வேலை அவளுக்கே. அளவுக்கருவியைப் பார்த்துக்கொள்ளும் நெட்டையன் நடைவழியில் நின்று, "அந்தத் தகட்டுல என்ன இருக்கு, எல்லாம் என் மெஷின் பண்ணின வேலை," என்றான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "கண்ணு சிவக்கச் சிவக்க ஒவ்வொரு துளையா போட்டவ என் பெண்டாட்டிடா!" என்று அவன் சட்டையைப் பிடித்ததில் கட்டடமே கூடிவிட்டது. உங்கள் தங்கை அழுதுவிட்டாள். அதட்ட வர வேண்டாம், வாழ்த்த வாருங்கள். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட நான் ஒருவன் இருக்கிறேன், அந்த நெட்டையன் யார் மச்சான்?