சகலை கண் வைத்த வீடு

சகலை வீடு வாங்கும் வரைக்கும் கண்ணாடியாருக்குப் பார்வை நன்றாகத்தான் இருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். ஊரார் கண்ணையெல்லாம் சரிபண்ணி அனுப்புகிறவர், மனைவியின் அக்காள் புருஷன் தன் புது வீட்டைப் பார்க்கக் கூப்பிட்ட அன்று, சொந்தக் கண்ணை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

சகலைக்கு டயர்க்கடை. அவர் வீட்டைக் காட்டினாரா, இவர் வயிற்றில் கொள்ளிக்கட்டையைச் சொருகினாரா?

"சகலை, இதான் ஸ்விட்சு. போட்டா லைட்டு எரியும்!"

அறைக்கு அறை போட்டுப் போட்டுக் காட்டினார். லைட்டு எரிந்த இடத்திலெல்லாம் கண்ணாடியாரும் எரிந்தார். மாடி பால்கனிக்கு வந்ததும் திடீரென்று குனிந்தார்.

"என்ன சகலை தேடறீங்க?"

"சட்டைப் பித்தான் விழுந்துடுச்சு."

பித்தானெல்லாம் சட்டையில் பத்திரமாக இருந்தன. மனிதர் தரையில் சாண் போட்டு பால்கனியை அளந்துகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது நடுத்தெருவில் நின்று சபதம் போட்டார்.

"நானும் வாங்கறேன் வீடு! அவன் பால்கனியை விட ஒரு சாணாவது பெரிசா இருக்கணும். அதுல நின்னு நான் காபி குடிக்கணும். அதை அவன் பார்க்கணும்."

"அவங்க வீடு அந்தக் கோடியில இருக்கு. எப்படிங்க தெரியும்?" என்றாள் மனைவி.

"கண்ணாடி போட்டுப் பார்க்கட்டும். நம்ம கடையிலயே வாங்கிக்கட்டும்."

அன்றிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தண்ணீர் வருமா, சுவரில் விரிசல் உண்டா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. நேரே பால்கனிக்குப் போவார், குனிவார், சாண் போடுவார், உதட்டைப் பிதுக்குவார். தரகர் அவருக்கு முதுகில் ஏதோ கோளாறு என்றே முடிவுகட்டிவிட்டார்.

மனைவிக்குப் பிடித்த வீடு ஒன்று வந்தது. அவள் பாலர் பள்ளி டீச்சர். தினமும் பஸ் மாறி, நின்றுகொண்டே போய், முழங்கால் வலியோடு திரும்புகிறவள். இந்த வீடு பள்ளிக்கு நேர் எதிரே. மாடி கிடையாது, படி கிடையாது. சமையலறை ஜன்னலில் காலை வெயில் விழுந்தது. அவள் அந்த வெயிலில் போய் நின்றாள், நகரவே இல்லை.

"பால்கனி எங்கே?" என்றார் கண்ணாடியார்.

"தரையோட இருக்கிற வீட்டுக்கு பால்கனி எதுக்குங்க?"

"இது வீடா? தீப்பெட்டி! சகலை பார்த்தா சிரிப்பா சிரிப்பான். வா போகலாம்."

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதாவது அவர் உஷாராகியிருக்க வேண்டும். குட்டி அடங்காப்பிடாரிகளைப் பேசியே உட்கார வைக்கிறவள் பேசாமல் வருகிறாள் என்றால் சும்மாவா?

சில நாள் போனது. ஒரு காலை அவர் முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கும்போது, அவள் துணி மடித்தபடியே சொன்னாள்:

"அக்கா பேசினா. பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டை அத்தான் பார்த்துட்டு வந்தாராம்."

சவரக்கத்தி நின்றது. "எந்த வீட்டை?"

"அதாங்க, நீங்க தீப்பெட்டின்னீங்களே. வாங்கி வாடகைக்கு விடப் போறாராம்."

"அவனுக்கு எதுக்கு இன்னொண்ணு?"

"நமக்கென்னங்க? வாங்கிட்டுப் போகட்டும். 'அந்த வீட்டு அருமை கண்ணாடிக்கடைக்காரனுக்கு எங்கே தெரியப் போகுது'ன்னாராம். சொன்னா சொல்லிட்டுப் போறாரு. நீங்க மீதிக் கன்னத்தை வழிங்க."

மீதிக் கன்னத்தை யார் வழித்தது? பாதி தாடியோடு தரகர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அந்தத் தீப்பெட்டியை வேற யாராவது கேக்கறாங்களா?"

"கியூவில நிக்கறாங்க சார்!" என்றார் தரகர். எந்தத் தரகர்தான் இல்லையென்று சொல்லியிருக்கிறார்?

அன்றைக்கே பேசி முடித்து முன்பணமும் கொடுத்தார். கையோடு ஓர் இனிப்பு டப்பாவை வாங்கிக்கொண்டு நேரே டயர்க்கடைக்குப் போனார்.

"எடுத்துக்குங்க சகலை! நீங்க கண் வச்ச வீட்டை நான் முடிச்சுட்டேன்."

"நான் கண் வச்சேனா? எந்த வீட்டை?"

"நடிக்காதீங்க. பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு."

சகலை கையிலிருந்த டயரைக் கீழே வைத்தார். "எனக்கு ஏதுய்யா இன்னொரு வீடு? இருக்கிற வீட்டையே நான் வேண்டாம்னுதான் சொன்னேன். நீங்கதான் அதை வாங்கத் துடிக்கறீங்க, 'டயர்க்காரனுக்கு மாடி வீடு ஒரு கேடா'ன்னு வேற கேட்டீங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா. ரோஷத்துல ஓடிப் போய் முடிச்சேன்!"

"நானா? அந்த வீட்டை நீங்க கூப்பிட்டுக் காட்டின அன்னிக்குத்தானே முதல்ல பார்த்தேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு டியூபில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து, அவரவர் மனைவியைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு போனும் ஒரே குரலில் சொல்லின: "நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்."